கேம்பர் மணலில் கோலம், கழுவிடச் சுவரில் மொசைக்

இங்கிலாந்தின் கடலோரக் கரவன் (விடுமுறைக்குத் தங்கும் நகர் வீடு) தளங்களில் ஈஸ்டரிலிருந்து ஒக்டோபர் வரை ஏதாவது ஒரு கூட்டுக் கலைவேலை நடந்துகொண்டிருக்கும். அறிவிப்புப் பலகையில் அதற்கான தாளைக் கண்டும் 'இது வெள்ளைக்காரருக்கு' என்று தாண்டிப் போகிற எங்கட ஆட்கள் அதிகம். ஆனால் ஆங்கிலம் இன்னும் வாயில் வராதவர்களுக்குக் கிளப் ஹவுஸ் மேசையைவிட மொசைக்குக்கு (ஓட்டுத் துண்டுகளை ஒட்டிச் செய்யும் படம்) ஓடு உடைக்கும் மேசைதான் வசதி. கை வேலையில் இருக்கும்போது அரைகுறை வசனம் போதும், இடையில் வரும் மௌனமும் உறுத்தாது.

எதையும் தொடங்குமுன் தள வார்டனிடம் (பொறுப்பாளர்) கேளுங்கள்: எந்தச் சுவரைத் தொடலாம், மூன்றாம் ஆளுக்குக் காயம் வந்தால் யாருடைய காப்புறுதி, மழை வந்தால் எந்த அறை. கரவன்களுக்கிடையே தோரணம் கட்டுவதையும் தனியாகக் கேட்க வேண்டும். தீ பரவாமல் இருக்க இரண்டு கரவன்களுக்கிடையே பொதுவாக 6 மீற்றர் இடைவெளி விடுகிறார்கள். துணியும் மரமுமாக அதை நிரப்பினால் அந்த இடைவெளி விட்டதற்கே அர்த்தமில்லை.

கிழக்கு சசெக்ஸின் கேம்பர் போன்ற அகலமான மணற்கரை என்றால், எங்களிடமிருந்து அவர்கள் கற்கக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது: தோட்ட வாரியால் போடும் பெரிய சிக்குக் கோலம். மாவு வேண்டாம், செலவும் இல்லை. வேண்டியது வற்று நேரம், அதாவது கடல் ஆகக் கீழே இறங்கும் நேரம், பற்றிய கணக்கு. அலை அட்டவணைகள் சில கோடையிலும் ஜிஎம்டி நேரத்தையே (இங்கிலாந்தின் மாரிகால நேரம்) காட்டும். அப்படியானால் ஒரு மணித்தியாலம் கூட்டிக்கொள்ளுங்கள். பலர் பிழைவிடுவது இங்கேதான். வற்று நேரம் ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 50 நிமிடம் பிந்தும், ஆகவே நேற்றைய நேரத்தை நம்பக்கூடாது. அடிவற்றுக்கு இரண்டு மணித்தியாலம் முன்பு தொடங்கி, அடிவற்றோடு முடித்து, படம் எடுத்துவிட்டு ஏறிவிட வேண்டும். கடல் ஒரே வேகத்தில் ஏறாது. ஆறு மணி நேர ஏற்றத்தில் மூன்றாம், நான்காம் மணிகளில்தான் தண்ணீரின் பாதி வந்து சேரும். கேம்பரில் மணல்திட்டுகளுக்குப் பின்னால் இருக்கும் பள்ளங்கள் முதலில் நிறையும். முன்னால் கடல் தூரத்தில் தெரிய, முதுகுப் பக்கம் வழி அடைபட்டுவிடும். 2016 ஓகஸ்ட் 24 அன்று லண்டனிலிருந்து போன ஐந்து தமிழ் இளைஞர்கள் உயிரிழந்தது இதே கரையில். கோலத்தைத் திட்டில் போடாதீர்கள், கரையோடு ஒட்டிய மணலில் போடுங்கள். கடலைப் பார்த்துக்கொண்டிருக்க ஒருவரைத் தனியாக நிறுத்துங்கள், அவர் கையில் வாரி இருக்கக்கூடாது.

முதல் தடவைக்கு 7 புள்ளி, ஒன்று வரை, நேர்ப்புள்ளி போதும்: நடு வரிசையில் 7, இருபுறமும் 5, 3, 1, மொத்தம் 25 புள்ளி. பழகியவர்கள் 13 புள்ளிக்குப் போகலாம், அது 85. புள்ளிக்குப் புள்ளி ஒரு மீற்றர். வாரியின் அகலம் ஏறத்தாழ 40 சென்ரிமீற்றர் என்பதால், அரை மீற்றர் இடைவெளியில் போட்டால் கோடும் புள்ளியும் ஒன்றாகி வெறும் சேறாகத் தெரியும். கயிற்றில் மீற்றருக்கு ஒரு முடிச்சுப் போட்டு, நடு வரிசையைக் கரைக்குச் சமாந்தரமாக முதலில் இழுங்கள். நைலோன் கயிறு நனைந்தால் நீளும். பொலியெஸ்ரர் கயிறு நல்லது. குறுக்கு வரிசை செங்கோணமாக விழ, பக்கங்கள் 3, 4, 5 மீற்றரான கயிற்று முக்கோணம் வைத்துப் பாருங்கள். கண்ணால் பார்த்துப் பிடித்தால் நாலாவது வரிசையிலேயே கோலம் சரிந்துவிடும். புள்ளிக்கு ஒரு பிளாஸ்ரிக் கோப்பையைக் கவிழ்த்து வைத்து, முடிந்ததும் எண்ணி எடுங்கள்.

பிறகு ஒருவர் குச்சியால் மெல்லிய கோடு கீறிக்கொண்டு முன்னால் போக, வாரிக்காரர் அவர் பின்னால். மற்றவர்கள் வாரப்போகும் கோட்டின் மேலேயே நடக்க வேண்டும், இல்லாவிட்டால் காலடித் தடம் கோலத்தைத் தின்றுவிடும். மேட்டுப் பக்கத்து மணல் விரைவில் காய்ந்து வெளிறுவதால், கிளறிய கோட்டுக்கும் கிளறாத மணலுக்கும் வித்தியாசம் குறையும். அந்தப் பக்கத்தைக் கடைசியாக வாருங்கள். நடுப்பகல் வெயிலில் எதுவும் தெரியாது. சாய்ந்த வெளிச்சம் விழும் காலையிலோ மாலையிலோ வரும் வற்றைத் தேர்ந்தெடுங்கள். படம் எடுக்க மணற்குன்றில் ஏறுவதென்றால் போட்டிருக்கும் பாதையால் மட்டும், அந்தப் புல்தான் குன்றைப் பிடித்து வைத்திருக்கிறது. மற்றவர்களின் பிள்ளைகள் படத்தில் விழுந்தால் பெற்றோரிடம் கேட்காமல் எங்கும் பகிராதீர்கள். இங்கே இது சின்ன விஷயமில்லை.

தளத்துக்குள் தார்த்தரையில் அரிசிமாக் கோலம் போட ஆசை வரும். கடற்புறாக்களுக்கு அது சாப்பாடு, அடுத்த கரவன்காரர் முறைப்பாடு எழுதுவார். தடித்த வீதிச் சோக்கால் போடுங்கள்.

மொசைக் நிற்கும் வேலை, அதனால் பொருளில் மிச்சம் பிடிக்கக்கூடாது. குடும்பத்துக்கு ஒரு 30 சென்ரிமீற்றர் சதுரம் கொடுத்து, எல்லாவற்றையும் தளத்தின் பொதுக் கழுவிடச் சுவரில் சேர்ப்பது நல்ல முறை. யாருடைய மூலை கோணலானாலும் பக்கத்துச் சதுரம் கெடாது. அடிப்பலகையாக 12 மில்லிமீற்றர் சீமெந்துப் பலகை எடுங்கள். ஒட்டுப்பலகை கடற்காற்றில் ஊதும், எம்டிஎஃப் (மரத்தூளை அழுத்திய பலகை) ஒரு மாரிக்குக்கூடத் தாங்காது. சமையலறைச் சுவர் ஓடுகள் நீரை உறிஞ்சும். அந்த நீர் உறைந்து விரியும்போது மேற்பூச்சு சில்லாகக் கழன்று விழும். நீரை அதிகம் உறிஞ்சாத போர்சலின் ஓட்டுத் துண்டுதான் வெளியே நிற்கும். பாடசாலை வெள்ளைப் பசையும் வேண்டாம், ஈரத்தில் மறுபடி பாலாகிவிடும். பையில் சி2 எஸ்1 (C2 S1) என்று தரம் அச்சிட்ட சீமெந்து ஒட்டை வாங்குங்கள். துண்டுகளுக்கிடையே 2, 3 மில்லிமீற்றர் விட்டு ஒட்டி, ஒரு நாள் காயவிட்டு, பிறகு இடைவெளியை நிரப்புங்கள். நிரப்புச் சாந்தைத் தண்ணீராகக் கரைப்பதுதான் வழக்கமான பிழை. அது காய்ந்ததும் பொடியாகும், நிறமும் திட்டுத் திட்டாக வரும். ஓடு உடைக்கும்போது பழைய துவாயால் மூடி உடைக்க வேண்டும், பாதுகாப்புக் கண்ணாடி எல்லோருக்கும் கட்டாயம். சுவரில் பூட்ட ஏ4 தரத் துருவேறா உருக்குத் திருகாணி. சாதாரண ஆணி விட்ட துரு ஓவியத்தின் மேல் கண்ணீராக வழிவதை எத்தனையோ தளங்களில் காணலாம்.

கூழாங்கல்லில் படம் வரைவது பிள்ளைகளுக்குப் பிடிக்கும். ஆனால் கல்லைக் கடற்கரையிலிருந்து பொறுக்காதீர்கள். 1949ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டப்படி பல இடங்களில் அதற்குத் தடை உண்டு. தோட்டக் கடையில் ஒரு பை வாங்கிக் கழுவிக் காயவைத்து, அக்ரிலிக் பேனாவால் வரைந்து, மேலே இரண்டு தடவை வார்னிஷ். அதைத் திரும்பவும் கரையில் போடவும் கூடாது: உரியும் பெயின்ற் பிளாஸ்ரிக்தான்.

தேநீர் இடைவேளைக்கு வடை கொண்டுபோனால் வேலையே நின்றுவிடும், அவ்வளவு வரவேற்பு. எள், கச்சான், கஜு, கடுகு எது சேர்ந்திருந்தாலும், ஒவ்வாமை உள்ளவர்களுக்காக ஒரு தாளில் எழுதித் தட்டுக்குப் பக்கத்தில் வையுங்கள்.

மாரியில் பல தளங்கள் பூட்டிவிடும். தோரணங்களை அதற்குமுன் அவிழ்த்து, காயவைத்து மடியுங்கள். பழைய பருத்திச் சேலையில் தைத்தது ஈரத்தோடு பெட்டிக்குள் போனால் பங்குனியில் கரும்புள்ளியோடுதான் வெளிவரும். மொசைக்கின் இடைவெளிகளை நகத்தால் சுரண்டிப் பார்த்து, பொடி உதிரும் இடங்களை உறைபனிக்கு முன்பே திரும்ப நிரப்பிவிடுங்கள்.