தனாக்காப் பூச்சு

பிப்ரவரி 3, வியாசர்பாடி

அம்மாச்சியின் தகரப் பெட்டியை இன்று திறந்தோம். 1964-இல் ரங்கூனிலிருந்து கப்பலேறி வந்தபோது கொண்டுவந்தவற்றில் இடுப்பில் உடுத்தும் ஒரு லோஞ்சியும், பர்மியர்கள் இழைத்து முகத்தில் பூசிக்கொள்ளும் தனாக்காக் கட்டையும், அதை இழைக்கும் வட்டக் கல்லும், தாத்தாவின் கணக்கேடும் மிஞ்சியிருக்கின்றன. தாத்தா சிவகங்கைச் சீமைக்காரர். அம்மாச்சி பர்மியப் பெண். அவர்களுடைய மகளான என் அம்மாவை அங்கே 'கப்யா', அதாவது கலப்பில் பிறந்தவள் என்றார்கள். இங்கே வந்ததும் 'பர்மாக்காரி' என்றார்கள். இந்த இரு சொற்களையும் ஓர் ஓவியத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

பிப்ரவரி 6

மூல ஏட்டின் மேல் கைவைக்க மனம் வரவில்லை. செராக்ஸ் எடுத்துக்கொண்டேன், அந்த மை பசையின் ஈரத்தில் கரைவதில்லை. கேன்வாஸின் நடுவே கோடிட்டு, இடப்பக்கம் கணக்குத் தாள்களையும் வலப்பக்கம் லோஞ்சித் துணியையும் ஒட்டினேன். மாலையில் பார்க்கையில் அது பொய்யாகப் பட்டது. அம்மா வைக்கும் பர்மிய நூடுல்ஸ் உணவான மொய்ங்காவில் மீனோடும் வாழைத்தண்டோடும் கறிவேப்பிலைத் தாளிப்பும் சேர்ந்தே கொதிக்கும். அதை எங்கே கோடு போட்டுப் பிரிப்பது? எல்லாவற்றையும் உரித்துவிட்டேன்.

பிப்ரவரி 11

ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்குப் போய்வந்தேன். 1966-இல் அதை நிறுவிய கே.சி.எஸ். பணிக்கர், 1963-இல் தொடங்கிய 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையில், எழுத்தைப் படிப்பதற்காக அல்லாமல் வடிவத்துக்காகவே கையாண்டார். அந்த நினைவோடு வீடு திரும்பி, அம்மாவிடம் பர்மிய எழுத்துகளை எழுதிக் காட்டச் சொன்னேன். ரங்கூனில் இரண்டாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனாலும், அவர் கை எதையும் மறக்கவில்லை. பர்மிய 'ப' நம்முடைய 'ப'வைப் போலவே மேலே திறந்திருக்கிறது. அதன் அடி வளைவு, நம்முடையதன் அடி தட்டை, அவ்வளவுதான். இரண்டுமே பிராமியின் வழிவந்தவை. கப்யாவிலும் பர்மாக்காரியிலும் அந்த எழுத்து இருப்பதை அப்போதுதான் கவனித்தேன்; படத்தில் இனி அந்த ஓர் எழுத்து போதும்.

பிப்ரவரி 17

தனாக்காவோடு மல்லுக்கட்டியே ஆறு நாள் போயிற்று. கட்டையைத் தண்ணீர் விட்டு இழைத்தால் வெளிர் மஞ்சள் விழுது வருகிறது. கேன்வாஸில் பூசினால் காய்ந்ததும் வெடித்துப் பொடியாக உதிர்கிறது. வண்ணத்தோடு கலக்கும் பசையான அக்ரிலிக் மீடியம் கலந்தால் ஒட்டுகிறது, ஆனால் கூடினால் பளபளப்பேறி பிளாஸ்டிக் போலாகிவிடுகிறது. அட்டைத் துண்டுகளில் பலமுறை பூசிப் பார்த்ததில், விழுது நான்கு கரண்டிக்கு மீடியம் ஒரு கரண்டி என்ற அளவு சரியாக வந்தது. மெல்லிய வெடிப்புகள் மட்டும் இருந்தன. அவற்றை அப்படியே விட்டேன். அம்மாச்சியின் கன்னத்தில் மத்தியானத்துக்குமேல் அப்படித்தான் இருக்கும்.

பிப்ரவரி 19

கணக்குத் தாள்கள் அடியிலும், நூல் பிரித்த லோஞ்சி அதன்மேலும், தனாக்கா எல்லாவற்றுக்கும் மேலுமாக இன்று பூசி முடித்தேன். ஈரம் காயுமுன் அம்மா வந்து நின்றார்.

"எந்த 'ப' போடப்போறடி?"

"நீங்களே போடுங்கம்மா."

ஆள்காட்டி விரலால் அழுத்தி இழுத்தார். ஒருபக்க அடி வளைந்து, மறுபக்கம் தட்டையாக நின்றது. விரல் போன தடத்தில் மஞ்சள் விலகி, தாத்தாவின் கையெழுத்தில் 'அரிசி மூட்டை 12' என்ற வரி தெரிந்தது.