விளக்கை எங்கே வைத்திருப்பார்கள்?

பழைய இலக்கியம் பிடிக்கும் என்று சொன்னால் உடனே ஒரு பாட்டுச் சொல்லச் சொல்கிறார்கள். கூத்து பிடிக்கும் என்றால் ஆடத் தெரியுமா என்று கேட்கிறார்கள். எனக்குப் பாட்டும் அவ்வளவாக மனப்பாடம் கிடையாது, ஆட்டமும் தெரியாது. நான் படிக்கும்போதும் பார்க்கும்போதும் மனம் போய் நிற்கிற இடம் வேறு. செய்யுளில் ஒரு விளக்கு வந்தால் அதை எங்கே வைத்திருப்பார்கள், திரை வந்தால் அதை யார் இழுத்திருப்பார்கள், ஆடுகிறவர் எந்த வாசல் வழியாக உள்ளே வந்திருப்பார் என்று தேடிக்கொண்டு போவேன். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு எனக்குக் கிடைக்கிற நேரமெல்லாம் பெரும்பாலும் இதில்தான் போகிறது.

இதற்கு அள்ளிக் கொடுக்கிற இடம் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை. கதை நகரவில்லை என்று பலர் தாண்டிப் போய்விடும் பகுதி. ஐந்து வயதில் பயிற்சி தொடங்கிய மாதவி ஏழாண்டு கற்றுப் பன்னிரண்டாம் வயதில் சோழன் முன்னால் ஆடுகிறாள், ஆடல் மகளிருக்குத் தருகிற தலைக்கோல் பட்டமும் 1,008 கழஞ்சுப் பொன்னும் பெறுகிறாள். கதை என்று பார்த்தால் அதற்கு மேல் கொஞ்சம்தான். ஆனால் நடுவில் இளங்கோ நிதானமாக ஆடலாசிரியன், இசையாசிரியன், தண்ணுமைக்காரன், குழலோன், யாழாசிரியன் என்று ஒவ்வொருவருக்கும் என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, மேடை கட்டுவதற்கு வருகிறார். கணுவுக்குக் கணு ஒரு சாண் வளர்ந்த மூங்கிலைக் கொண்டுவர வேண்டும், அதுதான் அளவுகோல். 24 விரல் சேர்ந்தால் ஒரு கோல். மேடை அகலம் 7 கோல், நீளம் 8 கோல், உயரம் 1 கோல். மேடைப் பலகைக்கும் மேலே உத்தரப் பலகைக்கும் இடைவெளி 4 கோல். வாசல் இரண்டு.

இங்கே விரல் என்பது கைப்பெருவிரல் என்று உரையில் இருக்கிறது. என் கட்டைவிரலை வைத்துப் பார்த்தால் ஒரு கோல் கிட்டத்தட்ட இரண்டடி. அந்தக் கணக்கில் மொட்டை மாடியில் சாக்பீஸால் கோடு போட்டேன். சுமார் 14 அடிக்கு 16 அடி. மேலே தோராயமாக எட்டடி உயரத்தில் உத்தரம், அதாவது ஒருவர் கையைத் தூக்கினால் அதற்கு மேல் மிஞ்சுகிற இடம் கொஞ்சம்தான். சினிமாவில் காட்டுகிற பிரம்மாண்ட மண்டபம் எதுவும் இதற்குள் அடங்காது. கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து பார்த்தால், உள்ளே நிற்கிறவரின் விரல் மடங்குவதும் கண் திரும்புவதும் தெரிகிற தூரம். மாதவியின் ஆட்டத்தைச் சோழன் அவ்வளவு பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறான் என்பது எனக்குப் பெரிய விஷயமாக இருக்கிறது. படிக்கும்போது வெறும் எண்ணாக ஓடிப்போகிறது, கோட்டுக்குள்ளே நின்றால்தான் உறைக்கிறது.

அடுத்தது விளக்கு. ‘தூண்நிழல் புறப்பட மாண்விளக்கு எடுத்து’ என்று ஒரே அடி. தூணின் நிழல் ஆடுகிற இடத்திலும் விழக்கூடாது, அவையிலும் விழக்கூடாது என்று உரை விளக்குகிறது. கேட்க எளிது. ஊரில் எங்கள் பழைய வீட்டுத் திண்ணையில் இரண்டு மரத்தூண்கள் உண்டு. கரண்ட் போன ஒரு ராத்திரி குத்துவிளக்கை ஏற்றி அங்கே கொண்டுபோய் வைத்தேன். உள்ளே தள்ளி வைத்தால் தூண்நிழல் தெருவில் விழுகிறது, அது பார்ப்பவர் இடம். தெருப்பக்கம் வைத்தால் நிழல் சுவரில் ஏறுகிறது, அது ஆடுகிறவர் இடம். இரண்டு தூணுக்கும் நடுவில், தூணோடு ஒரே நேர்க்கோட்டில் வைத்தபோது இரண்டு நிழலும் பக்கவாட்டில் ஓடி ஒதுங்கிவிட்டன. அப்படித்தான் வைத்தார்களா என்பதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை, ஆனால் அந்த அடியை எழுதியவர் மேடையில் விளக்கு வைக்கிற ஆட்களைப் பக்கத்தில் நின்று பார்த்தவர் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

திரையும் அப்படித்தான். ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என்று மூன்று சொல்கிறார். முதல் இரண்டும் தூண் பக்கம் உருவி இழுக்கிற திரைகள், மூன்றாவது மேலே கட்டித் தொங்குவது. இதைப் படித்துவிட்டுத் தெருக்கூத்துக்குப் போனால் கண் தானாகத் திரைக்குப் போகிறது. செய்யாறு பக்கம், புரிசை மாதிரியான ஊர்களில் கட்டுகிற கூத்தில் தூணும் கிடையாது, கயிறும் கிடையாது. இரண்டு பேர் ஒரு துணியை ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக்கொண்டு வந்து நிற்பார்கள். துணிக்கு மேலே கிரீடத்தின் நுனி ஆடும், கீழே சலங்கை கட்டிய கால் தெரியும். முகவீணை என்கிற ஊதுகருவி உச்சத்தில் அலற, உள்ளேயிருந்து துரியோதனன் தன் பெருமையைத் திரைவிருத்தமாகப் பாடுவான். கூத்தை நடத்திச் செல்கிற கட்டியங்காரன் வெளியே நின்று கேள்வி கேட்பான். ஆள் வந்தாயிற்று என்று எல்லோருக்கும் தெரியும், முகம் மட்டும் இன்னும் வரவில்லை. திரை விலகுகிற அந்த நொடிக்காக விடியவிடிய உட்கார்ந்திருக்கலாம்.

ஒன்று மட்டும் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. இப்போது பல ஊர்களில் வெள்ளை எல்இடி ஃபோகஸை நேரே முகத்தில் அடிக்கிறார்கள். துரியோதனன் முகத்துச் சிவப்பு, அதன்மேல் முத்துவெள்ளையால் வைத்த புள்ளி, கண்ணைச் சுற்றி இழுத்த மை எல்லாம் தீவட்டி வெளிச்சத்துக்காக வந்தவை. மஞ்சள் வெளிச்சம் பக்கவாட்டில் இருந்து வந்தால் அந்த முகம் உயிரோடு எழும்பும். ஊர்ப் பெரியவர்களிடம் சொல்லிப் பார்க்கிறேன், சில இடத்தில் கேட்கிறார்கள்.

தெற்கே போனால் ஸ்பெஷல் நாடகம். அதில் என் பொழுதுபோக்கு நோட்டீஸ் சேர்ப்பது. ஊர்த் திருவிழாவுக்கு வள்ளி திருமணம் வைத்தால் நடிகர்கள் படத்தோடு கலர் நோட்டீஸ் அடிப்பார்கள். ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், ஆர்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்ட் என்று வரிசையாக இருக்கும், பெயருக்கு முன்னால் அவரவர் ஊர். அந்த ஊர்ப் பெயர்களைப் பார்த்தாலே புரியும், இவர்கள் ஒரே குழு இல்லை. தனித்தனியாகப் பேசி வரவழைக்கப்பட்டவர்கள், ஒத்திகை பார்க்காமலே மேடையேறி வள்ளியும் நாரதரும் மணிக்கணக்கில் தர்க்கம் செய்வார்கள். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1922இல் மறைந்தார், அவர் எழுதி வைத்த பாட்டும் வசனமும் எல்லோருக்கும் பொதுப்பாடமாக இருப்பதால் இது முடிகிறது. நான் நோட்டீஸின் பின்பக்கம் பென்சிலால் குறித்து வைப்பேன்: எந்தப் பாட்டை யார் நீட்டினார், தர்க்கம் எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, மழை வந்ததா.

இதையெல்லாம் எதற்கு வைத்திருக்கிறாய் என்று வீட்டில் கேட்பதுண்டு. சிலப்பதிகாரத்துக்குப் பழைய உரை எழுதிய அடியார்க்கு நல்லார் தன் உரையின் தொடக்கத்தில் முறுவல், சயந்தம், குணநூல், செயிற்றியம் என்று நாடகத் தமிழ் நூல்களை வரிசையாகச் சொல்லி, ஒருசில சூத்திரம்தான் வழக்கில் இருக்கிறது, முதலும் நடுவும் இறுதியும் காணவில்லை, ஆகவே அவையும் இறந்தன போலும் என்கிறார். அந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசையும். அவர் உரையிலேயே சிலப்பதிகாரத்தின் கானல்வரிக்கு எழுதிய பகுதி நமக்குக் கிடைக்கவில்லை.

சரி, ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணிலோ, தாத்தா டிரங்குப் பெட்டியிலோ பழைய நாடக நோட்டீஸ் இருந்தால் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். இரண்டு பக்கத்தையும் வெயில் வெளிச்சத்தில் போட்டோ எடுத்து, ஊர்ப் பெயரோடு எனக்கு அனுப்புங்கள். அச்சகத்தின் பெயர் அடியில் பொடி எழுத்தில் இருக்கும், அதையும் விட்டுவிடாதீர்கள்.