ஆச்சி, அது என் பேச்சைக் கேட்டு ஆடலை

காலையில் வளவில் உட்கார்ந்திருந்த அண்ணனின் வலது கால், சக்கர நாற்காலி மிதியிலிருந்து சட்டென எகிறி காபி டம்ளரைத் தட்டிவிட்டது. ஆத்தங்குடித் தரையெல்லாம் காபி.

பக்கத்து வீட்டு ஆச்சி கையெடுத்துக் கும்பிட்டார்கள். "கால் ஆடுதே! உணர்ச்சி வந்துருச்சுப்பா!"

அண்ணன் சிரித்தார். "ஆச்சி, அது என் பேச்சைக் கேட்டு ஆடலை."

அதுதான் விஷயம். தண்டுவட நரம்பு அடிபட்டால், தசையை அடக்கி வைக்கும் மூளையின் கட்டளை கீழே சரியாகப் போய்ச் சேராது. காயத்துக்குக் கீழே உள்ள தண்டுவடம் சின்னத் தொடுதலுக்கும் தானாகவே காலை இழுக்கும், உதறும்.

இன்று வழக்கத்தைவிட அதிகம். அண்ணி மாத்திரையைத் தேடவில்லை. முதலில் சிறுநீர் வடிய மாட்டியிருக்கும் குழாயைத்தான் பார்த்தார். தொடைக்கடியில் மடங்கிக் கிடந்தது. நிமிர்த்தினார், கொஞ்ச நேரத்தில் கால் அடங்கியது.

கீழே வலி தெரியாத உடம்பில், இப்படி இழுத்து உதறும் தசை இறுக்கம்தான் புகார் சொல்லும். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், படுக்கைப்புண், சதைக்குள் வளரும் நகம், எதுவாகவும் இருக்கலாம்.

பிறகு நீட்டல். குதிகாலை உள்ளங்கையில் ஏந்தி, முழங்காலை நேராக்கி, பாதத்தை மெள்ள மேல்நோக்கி அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் பாதம் தையல் மிஷின் மாதிரி படபடக்கும். (எண்ணெய் தேய்த்து நெட்டி எடுக்க வரும் சொந்தக்காரர்களை நான் கிட்டவே விடுவதில்லை.)

இறுக்கம் முழுக்கப் போனாலும் அண்ணனுக்கு ஆகாது. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறும்போது அந்த விறைப்புதான் கால் ஊன்றத் துணை. டாக்டர், இறுக்கத்தைத் தளர்த்தும் பேக்லோஃபென் மாத்திரையின் அளவைப் பார்த்துப் பார்த்து வைத்திருப்பது அதனால்தான். திடீரென நிறுத்தினால் வலிப்பு வரைக்கும் போகலாம்.

கடைசி அட்டையைப் பிரிக்கும் முன்பே அண்ணி காரைக்குடிக்கு ஆள் அனுப்பிவிடுவார். இன்றைக்கு அந்த ஆள் நான்.