கைதானால் காலேஜ் பணம் நின்றுவிடுமா?

பிள்ளை போதைப்பொருளோடு போலீசிடம் மாட்டிக்கொண்டான் என்று தெரிந்ததும் பெற்றோர் முதலில் வக்கீலைத் தேடுகிறார்கள். அதற்கு அடுத்தபடியாக, பெரும்பாலும் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்கிற கேள்வி, "அப்போ ஃபாஃப்சா போச்சா?" என்பதுதான். ஃபாஃப்சா என்பது அமெரிக்க மத்திய அரசின் கல்வி உதவிக்கான விண்ணப்பப் படிவம். நான் அமெரிக்காவில் ஒரு இரண்டாண்டுக் கல்லூரியின் நிதியுதவிப் பிரிவில் வேலை பார்ப்பவன். நம்மவர்கள் வட்டத்தில் அது தெரியும் என்பதால் இந்தக் கேள்வி அலுவலக நேரத்துக்கு வெளியேயும் என்னைத் தேடி வரும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருப்பதை இங்கே எழுதி வைத்துவிடுகிறேன்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போகாது. ஒருவரைக் கைது செய்தார்கள் என்பதற்காக மட்டும் மத்திய அரசின் கல்வி உதவி எப்போதுமே நின்றதில்லை, குற்றம் உறுதியாகித் தீர்ப்பு வந்தால்தான் நின்றது. இப்போது அந்தத் தீர்ப்பைப் பற்றியும் ஃபாஃப்சா கேட்பதில்லை. 2023-24 கல்வியாண்டுக்கான படிவத்திலிருந்து அந்தக் கேள்வியே எடுக்கப்பட்டுவிட்டது. ஆனால் கேள்வி போனாலும் அது விதைத்த பயம் போகவில்லை. பணத்தை உண்மையிலேயே பறிக்கிற விஷயங்கள் வேறு இடத்தில் இருக்கின்றன, அந்தப் பக்கம் யாரும் பார்ப்பதில்லை. எனக்கு ஆற்றாமையாக இருப்பது அதுதான்.

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பயப்படுகிறவர்களைக் குறை சொல்ல முடியாது, அது ஒரு காலத்தில் முழு உண்மை. 1998-இல் உயர்கல்விச் சட்டத்தைத் திருத்தியபோது, இந்தியானாவிலிருந்து வந்த மார்க் சூடர் என்ற நாடாளுமன்ற உறுப்பினரின் முயற்சியில் ஒரு பிரிவு சேர்ந்தது. போதைப்பொருள் வைத்திருந்த குற்றம் உறுதியானால் முதல் முறைக்கு ஒரு வருடம், இரண்டாவது முறைக்கு இரண்டு வருடம், மூன்றாவது முறைக்குக் காலவரையறை இல்லாமல் உதவி கிடையாது. விற்றிருந்தால் முதல் முறையே இரண்டு வருடம், அடுத்தது காலவரையறை இல்லாமல். 2000 ஜூலையில் இது நடைமுறைக்கு வந்தது. கல்லூரிக்கு வருவதற்கு எத்தனையோ வருடம் முன்னால் நடந்ததும் கணக்கில் சேர்ந்தது, 2006-இல் கையெழுத்தான திருத்தத்துக்குப் பிறகுதான், உதவி வாங்கிக்கொண்டிருந்த காலத்தில் செய்த குற்றம் மட்டும் என்று குறுக்கினார்கள். 2008-இல், முன்னறிவிப்பில்லாத இரண்டு போதைப்பொருள் பரிசோதனைகளில் தேறினால் உதவியைத் திரும்பப் பெறலாம் என்று இன்னொரு வழியும் திறந்தார்கள்.

படிவத்தில் அது பல வருடங்களுக்கு 23-ஆம் கேள்வியாக இருந்தது. உதவித்தொகை பெற்றுக்கொண்டிருந்த காலத்தில் போதைப்பொருள் வைத்திருந்ததற்காகவோ விற்றதற்காகவோ தண்டிக்கப்பட்டிருக்கிறீர்களா என்று கேட்கும். ஆம் என்றால் தனியாக ஒரு கணக்குத் தாள் நிரப்பித் தேதிகளைக் கூட்டிக் கழிக்க வேண்டும். 'தண்டிக்கப்பட்டீர்களா' என்ற சொல்லை எத்தனை பேர் 'கைதானீர்களா' என்று படித்தார்கள் என்று யாராலும் எண்ண முடியாது. வழக்கு தள்ளுபடியானவர்கள், பதினெட்டு வயதுக்கு முன் சிறார் நீதிமன்றத்தில் முடிந்தவர்கள் எல்லாம் 'இல்லை' என்று போட்டிருக்க வேண்டியவர்கள். அவர்களில் சிலர் அந்த இடத்தில் நின்று படிவத்தையே மூடிவிட்டார்கள். இதில் இன்னொரு அநியாயமும் இருந்தது. கொள்ளையடித்துத் தண்டனை முடித்து வந்தவரிடம் அந்தப் படிவம் ஒன்றும் கேட்காது, பையில் கொஞ்சம் கஞ்சா வைத்திருந்தவரைக் கேட்கும். இருபது வருடம் இது சட்டமாக இருந்ததை என்னால் இன்னும் ஏற்க முடியவில்லை.

2020 டிசம்பர் இறுதியில் நிறைவேறிய ஃபாஃப்சா எளிமையாக்கல் சட்டம் இதை ரத்து செய்தது. 2021-22, 2022-23 படிவங்களில் கேள்வி அப்படியே நின்றது, ஆனால் எந்தப் பதில் போட்டாலும் உதவியைப் பாதிக்காது என்று கல்வித் துறை முன்கூட்டியே அறிவித்துவிட்டது. அப்புறம் கேள்வியும் போனது. 1994 முதல் சிறையிலிருப்பவர்களுக்கு மறுக்கப்பட்டிருந்த பெல் கிராண்டும் (வருமானம் குறைந்த மாணவர்களுக்கு மத்திய அரசு தருகிற, திருப்பிக் கட்ட வேண்டாத உதவித்தொகை), அங்கீகரிக்கப்பட்ட சிறைக் கல்வித் திட்டங்கள் வழியாக, 2023 ஜூலையில் திரும்பி வந்தது.

ஒரு விதிவிலக்கு இருக்கிறது. 1988-ஆம் வருடச் சட்டம் ஒன்றின்படி, போதைப்பொருள் வழக்கில் தண்டனை கொடுக்கும் நீதிபதி, இவருக்கு மத்திய அரசின் சலுகைகள் இத்தனை காலத்துக்குக் கிடையாது என்று தனியாக உத்தரவிடலாம். கல்வி உதவியும் அதில் அடங்கும். முதல் முறைக் குற்றத்தில் அது தானாக வந்து ஒட்டாது, தீர்ப்பில் எழுதியிருக்க வேண்டும். எனவே வழக்கு நடக்கும்போதே வக்கீலிடம், "இந்த உத்தரவு வராமல் பார்த்துக்கொள்ள முடியுமா?" என்று வாய் திறந்து கேளுங்கள்.

சரி, பணம் உண்மையில் எப்படிப் போகிறது?

என் அலுவலகத்தில் நான் பார்க்கிற வகையில், பெரும்பாலும் சட்டத்தால் போவதில்லை, வகுப்புக்குப் போகாததால் போகிறது. கைதான பிள்ளை வெட்கத்தில் அறையை விட்டு வெளியே வருவதில்லை. நீதிமன்றத் தேதி எப்போதும் பரீட்சை நாளில்தான் விழும். அல்லது அப்பா கோபத்தில், "நீ படிச்சுக் கிழிச்சது போதும், வீட்டுக்கு வா" என்று கூட்டிக்கொண்டு போய்விடுவார். யாரும் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்வதில்லை.

அங்கேதான் அடி விழுகிறது. மத்திய அரசின் பணத்தை மாணவர் செமஸ்டரில் இருக்கும் நாள் கணக்கில்தான் 'சம்பாதிக்கிறார்'. செமஸ்டரின் 60 சதவீதத்தைத் தாண்டிவிட்டால் முழுப் பணமும் அவருடையது, அதற்கு முன்னால் விலகினால் மீதி திரும்பிப் போக வேண்டும். 110 நாள் செமஸ்டர், 44-ஆம் நாள் விலகுகிறார் என்று வையுங்கள். அவர் சம்பாதித்தது 40 சதவீதம். பெல் கிராண்ட் 3,000 டாலர் வந்திருந்தால் 1,200 அவருடையது, மீதி 1,800 அவருடையதல்ல. கல்லூரி தன் பங்கைத் திருப்பி அனுப்பிவிட்டு, அந்தத் தொகையை மாணவர் கணக்கில் பாக்கியாக ஏற்றலாம். பாக்கி இருந்தால் அடுத்த செமஸ்டருக்குப் பதிவு செய்ய விடாத கல்லூரிகள் நிறைய. விலகுகிறேன் என்று சொல்லாமலே காணாமல் போய் எல்லாப் பாடத்திலும் எஃப் வாங்கினால், பாதி செமஸ்டரில் விலகியதாகவே கணக்கிட்டுவிடலாம். கடன் வாங்கியிருந்தால், பாதி நேரப் படிப்புக்குக் கீழே இறங்கிய நாளிலிருந்து, கடனைத் திருப்பிக் கட்டத் தொடங்குவதற்கு முன் தருகிற ஆறு மாத அவகாசம் ஓட ஆரம்பித்துவிடும்.

அதோடு முடியவில்லை. உதவி தொடர வேண்டுமானால் படிப்பில் முன்னேற்றம் காட்ட வேண்டும் என்று விதி. எடுத்த கிரெடிட்டுகளில் கிட்டத்தட்ட 67 சதவீதத்தை முடித்திருக்க வேண்டும், ஜிபிஏவும் (மதிப்பெண் சராசரி) கல்லூரி வைத்திருக்கிற அளவுக்கு மேல் நிற்க வேண்டும். நடுவில் விட்டுவிட்ட பாடமும் 'எடுத்த' கணக்கில் சேரும். முதல் வருடத்தில் ஒரு செமஸ்டர் முழுக்க விழுந்தாலே இந்தக் கோட்டுக்குக் கீழே போய்விடுவார். அப்போது வருகிற மின்னஞ்சலில் போதைப்பொருள் என்ற பேச்சே இருக்காது, முன்னேற்றம் போதவில்லை என்று மட்டும் இருக்கும். அதைப் படித்துவிட்டு, கைதானதால்தான் நிறுத்திவிட்டார்கள் என்று குடும்பம் முடிவு கட்டிவிடும். அதற்கு மேல்முறையீடு செய்யலாம் என்று அதே மின்னஞ்சலில் கீழே எழுதியிருப்பதைப் பார்ப்பதில்லை. மேல்முறையீட்டில் என்ன நடந்தது, இப்போது என்ன மாறியிருக்கிறது என்று இரண்டையும் எழுத வேண்டும், முதலாவதை மட்டும் நான்கு பக்கம் எழுதுகிறவர்கள்தான் அதிகம். ஆலோசகரைப் பார்க்கிறார், சிகிச்சைக்குப் போகிறார், அடுத்த செமஸ்டரில் இரண்டே பாடம் எடுக்கிறார் என்பது போன்ற விஷயங்கள்தான் முடிவெடுக்கிறவர்களுக்கு வேண்டும்.

ஒரு அம்மா என்னைக் கூப்பிட்டார். மகன் இரண்டாம் வருடம், மூன்று வாரமாக வகுப்புக்குப் போகவில்லை, கேஸ் இன்னும் முதல் ஹியரிங்கூட வரவில்லை. "தம்பி, எப்படியும் பணத்தை நிறுத்திடுவாங்கன்னு அவனே போறதில்ல. நாங்களும் சரின்னு விட்டுட்டோம்" என்றார். "அக்கா, யாரும் நிறுத்தல. அவனை நாளைக்கே வகுப்புல போய் உக்காரச் சொல்லுங்க, மத்ததெல்லாம் அப்புறம்" என்றேன். கொஞ்ச நேரம் மறுமுனையில் பேச்சே இல்லை. பிறகு, "யாருமே இதச் சொல்லலையே தம்பி" என்றார். அவர் குரலில் இருந்த நிம்மதியைவிட, அந்த மூன்று வாரம்தான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது.

கல்லூரியின் ஒழுங்கு விசாரணை தனி. நீதிமன்றத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, அங்கே வழக்கு தள்ளுபடியானாலும் இங்கே இடைநீக்கம் செய்யலாம். நம் மாநிலத்தில் கஞ்சா சட்டப்படி சரிதானே என்ற வாதம் எடுபடாது. மத்திய அரசின் பணம் வாங்குகிற கல்லூரி போதைப்பொருளைத் தடைசெய்யும் விதியை வைத்திருந்தே ஆக வேண்டும், மத்தியச் சட்டத்தில் கஞ்சா இன்னும் குற்றம்தான். கல்லூரி தன் கையிலிருந்து கொடுக்கிற ஸ்காலர்ஷிப், விடுதி இடம் இரண்டும் இந்த விசாரணையில் போகலாம். மாநில அரசு தரும் உதவிக்கும் அந்தந்த மாநில விதி உண்டு. ஜார்ஜியாவின் ஹோப் உதவித்தொகை, போதைப்பொருள் வழக்கில் ஃபெலனி, அதாவது கடுமையான குற்றம், என்று தீர்ப்பு வந்தால் குறிப்பிட்ட காலத்துக்கு நிற்கும். ஆகவே ஃபாஃப்சா கேட்கவில்லை என்பதை வைத்து எல்லாப் பணமும் பத்திரம் என்று நினைத்துவிடாதீர்கள், எந்தப் பணம் யார் கொடுப்பது என்று உதவிக் கடிதத்தை எடுத்து வைத்து வரி வரியாகப் பாருங்கள்.

வரிக் கணக்கிலும் ஒன்று இருக்கிறது, இது பலருக்குத் தெரியாது. கல்லூரிச் செலவுக்கு வருடம் 2,500 டாலர் வரை கிடைக்கிற அமெரிக்கன் ஆப்பர்ச்சுனிட்டி கிரெடிட் என்ற வரிச் சலுகை, அந்த வருடக் கடைசியில் மாணவர் மேல் போதைப்பொருள் ஃபெலனி தீர்ப்பு இருந்தால் கிடையாது. லைஃப்டைம் லேர்னிங் கிரெடிட்டுக்கு இந்தத் தடை இல்லை, அதில் 2,000 டாலர் வரை எடுக்கலாம்.

நம்மவர்கள் இதற்கு அடுத்ததை மட்டும் இரண்டு முறை படித்தால்கூட எனக்குப் போதும். கிரீன் கார்டில் இருக்கிற பிள்ளை ஃபாஃப்சா போடலாம், மத்திய உதவியும் வாங்கலாம். ஆனால் அவனுக்கு இந்த வழக்கில் ஆபத்து கல்லூரிப் பணத்துக்கு இல்லை, இந்த நாட்டில் இருப்பதற்கே. குடிவரவுச் சட்டப்படி, சொந்த உபயோகத்துக்கு 30 கிராமுக்கு மேற்படாத கஞ்சா வைத்திருந்த ஒரே ஒரு குற்றத்தைத் தவிர, மற்ற எந்தப் போதைப்பொருள் தீர்ப்பும் நாடுகடத்தக் காரணமாகலாம். அந்த ஒரு விதிவிலக்கில் தப்பியவருக்கும் வெளிநாடு போய்த் திரும்பும்போது சிக்கல் வரலாம். இதில் பெரிய குழி எது என்றால், 'குற்றத்தை ஒப்புக்கொள், ஆறு மாதம் வகுப்புக்குப் போ, வழக்கைத் தள்ளுபடி செய்துவிடுவோம்' என்று மாநில நீதிமன்றம் தருகிற ஏற்பாடு. குடியுரிமை உள்ள பிள்ளைக்கு அது வரப்பிரசாதம். குடியுரிமை இல்லாத பிள்ளை அப்படி ஒப்புக்கொண்டு, நீதிபதி ஏதாவது நிபந்தனையும் போட்டுவிட்டால், மாநிலம் தள்ளுபடி செய்த பிறகும் குடிவரவுச் சட்டம் அதைத் தீர்ப்பாகவே எடுத்துக்கொள்ளும். நாடுகடத்தும் அபாயத்தை வக்கீல் கட்சிக்காரரிடம் சொல்லியாக வேண்டும் என்று 2010-இல் படில்லா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது, அது உங்கள் உரிமை. வக்கீல் தானாகச் சொல்லவில்லை என்றால் கேளுங்கள், திருப்தியான பதில் வரும்வரை எதையும் ஒப்புக்கொள்ள விடாதீர்கள். எஃப்-1 விசாவில் வந்த மாணவர்களுக்கு ஃபாஃப்சா முதலிலேயே கிடையாது, ஆனால் கைதான செய்தியை வைத்தே விசாவை ரத்து செய்வதும் நடக்கிறது, அவர்கள் அன்றைக்கே குடிவரவு வக்கீலைப் பார்ப்பது நல்லது.

பெற்றோருக்கு ஒன்று. பதினெட்டு முடிந்த பிள்ளையின் கோப்பைப் பற்றிக் கல்லூரி உங்களிடம் பேசாமல் இருக்கலாம், அது அவனுடைய உரிமை. இருபத்தொரு வயதுக்குக் கீழ் என்றால், போதைப்பொருள் விதியை மீறினான் என்பதை மட்டும் கல்லூரி விரும்பினால் பெற்றோருக்குச் சொல்லலாம், சொல்லியே ஆக வேண்டும் என்று இல்லை. அதனால் அவனையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள், அவன் சரி என்று சொன்னால் எங்களால் எல்லாவற்றையும் பேச முடியும். எங்களைப் போன்றவர்களிடம் வழக்கு விவரம் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. எத்தனை நாள் வகுப்பு போயிற்று, எந்தப் பாடத்தைக் காப்பாற்ற முடியும், எதை விட்டால் கணக்கு கெடாது, இவ்வளவுதான் எங்களுக்குத் தேவை.

கடைசியாக, 2000-க்கும் 2020-க்கும் இடையில் அந்தக் கேள்வியால் படிப்பை விட்டவர்கள். அவர்களில் சிலர் இன்றைக்கு நாற்பது வயதைத் தாண்டியிருப்பார்கள், பலருக்குச் சட்டம் மாறியதே தெரியாது. பெல் கிராண்டுக்கு வயது வரம்பு இல்லை. முதல் பட்டம் இன்னும் வாங்கவில்லை, வருமானமும் வரம்புக்குள் இருக்கிறது என்றால், வாழ்நாளில் மொத்தம் 12 முழுநேர செமஸ்டர் அளவுக்குக் கிடைக்கும், அன்று பயன்படுத்தாத மீதி அப்படியேதான் இருக்கிறது. அன்று வாங்கிய கடன் கட்டாமல் டிஃபால்ட்டில் நின்றால் மட்டும் புது உதவி வராது, முதலில் கடன் வசூலிப்பவரிடம் பேசி அதை மீட்க வேண்டும். அதற்கு ஒழுங்காகத் தவணை கட்டிக் கணக்கை நேராக்குவது ஒரு வழி, பழைய கடன்களை ஒன்றாகச் சேர்த்துப் புதுக் கடனாக மாற்றுவது இன்னொரு வழி. எதுவானாலும் சில வாரங்கள் முதல் பல மாதங்கள் வரை ஆகும், எனவே கல்லூரி திறக்கிற வாரத்தில் வராமல் முன்கூட்டியே ஆரம்பித்துவிடுங்கள்.