நுளம்பை அடித்தால் பத்துப் புள்ளி

தரம் 8 இல் பிள்ளைகள் முப்பத்திரண்டு பேர். கணினிகள் ஒன்பது, அவற்றில் இயங்குபவை ஆறு. டெங்கு பற்றிய விளையாட்டொன்றை அவர்களுக்குப் போட்டுக் கொடுத்த அன்று எழுந்த ஆரவாரம் அதிபரின் அறை வரைக்கும் கேட்டது. திரையில் நுளம்புகள் பறந்து வரும். சுட்டியால் அழுத்தினால் செத்து விழும். ஒரு நுளம்புக்குப் பத்துப் புள்ளி. இடையிடையே 'தண்ணீர் தேங்க விடாதீர்கள்' என்று ஒரு வரி வந்து மறையும். மணி அடித்த பிறகும் ஒருவரும் கதிரையை விட்டு எழவில்லை. பாடம் வென்றுவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன்.

மறுநாள் வகுப்பில் கேட்டேன்: "டெங்கு வராமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?"

"நுளம்பை அடிக்க வேண்டும், சேர்" என்றான் முன்வரிசைப் பையன். மற்றவர்களும் தலையாட்டினார்கள். தேங்கிய தண்ணீரைப் பற்றி ஒரு பிள்ளை கூடச் சொல்லவில்லை. அந்த வரி எத்தனையோ முறை அவர்கள் கண்முன் ஓடியிருக்கிறது. ஆனால் நாற்பது நிமிடமும் அவர்களுடைய கை செய்தது அடிப்பது ஒன்றைத்தான். கை செய்தது மனதில் நின்றது. கண் கடந்து போனது நிற்கவில்லை. வன்னியில் பதினைந்து ஆண்டுகளாக விஞ்ஞானம் கற்பிக்கிறேன். விளையாட்டையும் கணினியையும் வகுப்புக்குள் கொண்டுவருவது பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி அந்த ஒரு பதிலிலிருந்து வந்தது.

பறக்கும் நுளம்பை அடித்து டெங்கை நிறுத்த முடியாது. ஈடிஸ் நுளம்பு பாத்திரத்தின் உட்சுவரில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே முட்டையிடும். முட்டை குடம்பியாகி, கூட்டுப்புழுவாகி, சிறகு முளைத்துப் பறக்க நம்முடைய வெயிலுக்கு ஏழு முதல் பத்து நாட்கள் போதும். ஆகவே வாரத்துக்கு ஒரு தடவை வளவைச் சுற்றி வந்து தண்ணீர் தேங்கும் பொருட்களைக் கவிழ்க்கிற கைதான் வேண்டும். இன்னுமொன்று, தண்ணீரை ஊற்றிவிட்டாலும் சுவரில் ஒட்டிய முட்டை சாவதில்லை. காய்ந்தபடியே மாதக்கணக்கில் கிடந்து, அடுத்த மழையில் பொரிக்கும். தேய்த்துக் கழுவினால்தான் போகும். நாங்கள் பயன்படுத்திய விளையாட்டில் கவிழ்ப்பதற்கும் வழியில்லை, தேய்ப்பதற்கும் வழியில்லை.

அதனால் நாங்களே ஒன்று செய்யத் தொடங்கினோம். ஸ்கிராட்ச் என்ற மென்பொருள் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் உருவானது, 2007 இலிருந்து இலவசமாகக் கிடைக்கிறது. ஒருமுறை கணினியில் பதிந்துவிட்டால் இணையம் இல்லாமலே இயங்கும், எங்களுக்கு அதுவே பெரிய வசதி. கட்டளைகள் வண்ணக் கட்டைகள் போல இருக்கும். ஒன்றோடொன்று பொருத்தினால் திரையிலுள்ள படம் அசையும், பேசும், கணக்கு வைக்கும். பிள்ளைகள் இரண்டு வாரத்தில் பிடித்துக்கொண்டார்கள்.

வளவுப் படத்தை ஒரு சிறுமி வரைந்தாள். கிணற்றடி, வாழை, கோழிக்கூடு, கூரைத் தகட்டின் கீழே மழைத்தண்ணீர் பிடிக்கிற பிளாஸ்டிக் பரல், பழைய டயர் இரண்டு, பாதி வெட்டிய இளநீர்க் கோம்பைகள், சிரட்டை, அம்மம்மாவின் பூச்சாடித் தட்டு. அது அவளுடைய சொந்த வளவு. இந்தியாவில் தமிழில் வந்த சில செயலிகளையும் பார்த்திருக்கிறோம். அவற்றிலுள்ள மாடி வீட்டையும் 'கொசு'வையும் எங்கள் பிள்ளைகள் படம் பார்ப்பது போலத்தான் பார்க்கிறார்கள். கோம்பையும் சிரட்டையும் திரையில் வந்த அன்று, "இது எங்கள் வீடு" என்று மூன்று பேர் சண்டை பிடித்தார்கள்.

விளையாட்டில் பத்து விநாடி ஒரு நாள். ஏழாம் நாளுக்குள் ஒவ்வொரு பாத்திரத்தையும் தேடிக் கவிழ்க்க வேண்டும். முதல் நாள் விளையாடிய பையன் ஒருவன் எல்லாவற்றையும் கவிழ்த்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். திரையில் மழை பெய்தது. பரலிலிருந்து நுளம்புகள் கிளம்பின.

"சேர், இது பிழை. நான் தண்ணீரை ஊற்றிவிட்டேன்."

நான் வாய் திறக்குமுன் வளவு வரைந்த சிறுமி சொன்னாள்: "ஊற்றினாய். தேய்த்தாயா?"

அவன் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தான். மறுபடி தொடங்கினான். இந்த முறை தேங்காய்த் தும்பைத் தெரிவு செய்து பரலின் உட்சுவரில் சுட்டியை மேலும் கீழுமாக இழுத்தான். அந்த அசைவுக்காகத்தான் சிறுமி இரண்டு நாள் கட்டளைக் கட்டைகளோடு மல்லுக்கட்டியிருந்தாள். ஒரு தடவை அழுத்தினால் சுத்தமாகிவிடும் என்று வைத்திருக்கலாம், வேலை எளிது. "தேய்க்கத்தானே வேண்டும், சேர்" என்று அவள் விடவில்லை.

கை செய்வதே பாடம் என்பது 2010 இலேயே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். மீள்குடியேறிய கிராமம் ஒன்றில், கூரையில்லாத கட்டடத்துக்குப் பக்கத்தில், மரநிழலில் தொண்டராசிரியனாகத் தொடங்கியவன் நான். மிதிவெடி அபாயக் கல்வி தருவதற்கு வந்தவர்கள் பாம்பும் ஏணியும் அட்டையொன்று தந்தார்கள். மண்டையோட்டுப் பலகையைக் கண்டு விலகினால் ஏணி; அறியாத பொருளைத் தொட்டால் பாம்பு. பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது. எனக்கும் பிடித்தது. ஒருநாள் ஒரு சின்னவன் பாம்பில் இறங்கும்போது, "எனக்கு ராசி இல்லை" என்றான். அட்டையில் எங்கே போவது என்பதைத் தாயக்கட்டை முடிவு செய்கிறது, பிள்ளை முடிவு செய்வதில்லை. மிதிவெடி கிடக்கும் மண்ணில் வாழப் போகிற பிள்ளைக்கு, நடப்பதெல்லாம் ராசிப்படி என்று அந்தக் கட்டை சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தது.

அதே ஆட்கள் முற்றத்தில் இன்னொரு விளையாட்டும் வைத்தார்கள். பிள்ளைகள் ஓடித் திரிய வேண்டும். யாராவது சிவப்புத் துணியைக் கண்டு கத்தினால் அந்த இடத்திலேயே அசையாமல் நிற்க வேண்டும். சத்தம் போட்டுப் பெரியவர்களைக் கூப்பிட வேண்டும். ஓடியவன் தோற்றான். உடம்பு பழகிக்கொள்கிற விளையாட்டு அது. கணினியும் இல்லை, மின்சாரமும் இல்லை. இன்றைக்கும் எந்தச் செயலியைப் பார்த்தாலும் அந்த இரண்டு விளையாட்டுகளோடு ஒப்பிட்டே பார்க்கிறேன்: இதில் பிள்ளை கட்டையை உருட்டுகிறதா, தானே முடிவெடுக்கிறதா?

இதை நன்றாகப் புரிந்துகொண்டு செய்த விளையாட்டு ஒன்று உண்டு. ரீ-மிஷன் என்று பெயர். 2006 இல் அமெரிக்காவில் வந்தது. புற்றுநோயுள்ள இளையோருக்கானது. விளையாடுபவர் ஒரு நுண் இயந்திரமாக நோயாளியின் உடம்புக்குள் போய்ப் புற்றுக் கலங்களைச் சுட வேண்டும். நோயாளி மாத்திரையைத் தவறவிட்டால் துப்பாக்கி சரியாகச் சுடாது. தப்பிய கலங்கள் மருந்துக்கு அடங்காதவையாகிவிடும். அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளின் 34 மருத்துவ நிலையங்களில் 375 இளம் நோயாளிகளைக் கொண்டு செய்த ஆய்வு 2008 இல் வெளியானது. இதை விளையாடியவர்கள் வேறு விளையாட்டு விளையாடியவர்களைவிட ஒழுங்காக மருந்து எடுத்தார்கள். 'மருந்தைத் தவறவிடாதே' என்ற வாசகம் செய்யாததை, கையில் மழுங்கிப்போன துப்பாக்கி செய்திருக்கிறது.

இதைப் படித்தபோது எனக்குக் காசநோய்தான் நினைவுக்கு வந்தது. வழமையான காசநோய்க்கு ஆறு மாதம் மாத்திரை எடுக்க வேண்டும். இரண்டு மாதத்தில் இருமல் நின்றுவிடும். நின்றதும் மாத்திரையும் நின்றுவிடும். தாத்தாவுக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கிற பேரப்பிள்ளைகள் எங்கள் வகுப்புகளில் இருக்கிறார்கள். அவர்களுக்கென்று தமிழில் இப்படியொரு விளையாட்டு வர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

பாம்புக்கடிக்கு நாங்கள் செய்தது கைத்தொலைபேசியில் இயங்கும் ஒரு சிறு கதை. வயலில் அப்பாவின் காலில் புடையன் கடித்துவிட்டது. நீ என்ன செய்வாய்? கயிற்றால் இறுக்கிக் கட்டலாம், கீறி இரத்தம் எடுக்கலாம், 1990 ஐ அழுத்தி அம்புலன்ஸைக் கூப்பிடலாம். முதலில் பிழையான தெரிவை அழுத்தினால் சிவப்புப் புள்ளடி விழுந்து கதை நின்றுவிடும்படி வைத்திருந்தேன். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துச் சரியான விடையை மட்டும் அழுத்தி முடித்துவிட்டார்கள், பரீட்சை வினாத்தாள் மாதிரி. பிறகு மாற்றினோம். இப்போது பிழையான தெரிவும் கதையை நகர்த்தும். கட்டிய கால் வீங்கும். திரையின் மூலையில் மணிக்கூடு ஓடும். விஷமுறிவு மருந்து ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறது. அதற்கான வழி நீண்டுகொண்டே போகும். வேண்டுமென்றே பிழையாக அழுத்திப் பார்க்கிறார்கள், என்ன நடக்கும் என்று அறிய. இரண்டு பிள்ளைகள் பேசாமல் போய் வீட்டிலும் காட்டியிருக்கிறார்கள். "மோதிரத்தைக் கழற்ற வேண்டும், காலை அசைக்கக் கூடாது என்று என் மகள் எனக்குச் சொல்கிறாள்" என்று ஒரு தகப்பன் பாடசாலை வாசலில் என்னை நிறுத்திச் சொன்னார். அவர் அறுவடைக்குப் போகும் மனிதர். 2017 இல் உலக சுகாதார நிறுவனம் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. அது யாருக்கு வருகிற ஆபத்து என்பது வயலில் நிற்பவர்களுக்கு எப்போதோ தெரியும்.

2020 மார்ச்சில் பாடசாலைகளை மூடியபோது, எல்லாம் இணையவழி என்றார்கள். குளக்கட்டில் ஏறி நின்றால் மட்டும் அலைவரிசை கிடைக்கும் கிராமங்கள் இங்கே உண்டு. ஒரு தொலைபேசி, மூன்று பிள்ளைகள், தகப்பன் வேலைக்குப் போனால் தொலைபேசியும் போய்விடும். அந்த நாட்களில் இணையம் கேட்காத பொருள்களை மட்டுமே தேடி எடுக்கப் பழகினேன். கொலராடோ பல்கலைக்கழகத்தின் 'பெட்' என்ற, திரையிலேயே பரிசோதனை செய்து பார்க்கும் உருவகப்படுத்தல்கள் அப்படிக் கிடைத்தவைதான். பௌதிகவியலுக்கான நோபல் பரிசை 2001 இல் பெற்ற கார்ல் வீமன் அடுத்த ஆண்டு தொடங்கிய முயற்சி அது. தரவிறக்கி ஒரு பென்டிரைவில் போட்டுக்கொண்டால் பழைய கணினியிலும் ஓடும். அம்பியர்மானி இல்லாத பாடசாலையில் மின்சுற்றைத் திரையில் பூட்டிப் பார்க்கலாம். குறுஞ்சுற்றாக்கினால் மின்கலம் தீப்பிடித்து எரியும். பிள்ளைகள் முதலில் செய்வது அதைத்தான். செய்யட்டும். மேசையில் செய்ய விடமுடியாத பிழை அது.

ஆனால் திரையிலுள்ள கம்பி துருப்பிடிப்பதில்லை. திரையில் மின்குமிழைக் கண்மூடி எரிய வைக்கிற பிள்ளை, உண்மையான டார்ச் மின்கலத்தோடு அரைமணி நேரம் போராடுகிறது. முனையை உரசிச் சுத்தமாக்கினால்தான் எரியும் என்பதைத் திரை சொல்லித் தராது. ஆகவே திரையில் ஒரு பாடம் என்றால் மேசையில் ஒரு பாடம் என்று வைத்திருக்கிறேன். டெங்கு விளையாட்டுக்குப் பிறகும் அப்படித்தான். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை வளவு சுற்றுவதற்கு. ஒரு சிரட்டைத் தண்ணீரை உருப்பெருக்கியில் வைத்து, தலைகீழாகத் தொங்கும் குடம்பியைக் கண்ட பிள்ளை அடுத்த முறை விளையாடும்போது வேகம் குறைகிறது, தேடிப் பார்க்கிறது.

வன்னியின் முதியவர்களுக்கு நுளம்பு என்றால் மலேரியாதான். இரவில் வலை கட்டிப் படுத்துப் பழகியவர்கள். 2016 இல் இலங்கை மலேரியா அற்ற நாடு என்ற சான்றிதழைப் பெற்றது. பகலில் கடிக்கும் நுளம்பை என்ன செய்வது என்பதை அம்மம்மாக்களுக்குப் பேரப்பிள்ளைகள்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

கடந்த மாரிக்கு முன்பு விளையாட்டின் புதிய வடிவத்தைப் பிள்ளைகள் சோதித்துக்கொண்டிருந்தார்கள். தும்பால் தேய்த்த அந்தப் பையன் தன் வளவு முழுவதையும் சுத்தமாக்கிவிட்டான். ஆனாலும் நான்காம் நாள் வேலிக்கு மேலாக நுளம்பு வந்தது. பக்கத்து வளவிலிருந்து வரும்படி சிறுமி எழுதியிருந்தாள். ஈடிஸ் பிறந்த இடத்திலிருந்து சில நூறு மீட்டருக்குள்ளேயே பறந்து திரியும் என்று வகுப்பில் படித்ததை அவள் விளையாட்டுக்குள் வைத்திருக்கிறாள்.

"பக்கத்து வளவில் யாரும் இல்லை, சேர். கனடாவில் இருக்கிறார்கள். படலை பூட்டிக் கிடக்கிறது. உள்ளே கிணறும் இருக்கிறது, உடைந்த தொட்டியும் இருக்கிறது" என்றான் அவன். "அதை யார் கவிழ்ப்பது?"

விளையாட்டில் அதற்கு ஒரு பொத்தானும் இல்லை. அந்தச் சிறுமி பேனையால் மேசையைத் தட்டிக்கொண்டு யோசித்தாள். கிராம அலுவலரையா, பொதுச் சுகாதாரப் பரிசோதகரையா, கனடாவையா அழைப்பது என்று அந்தப் பாடவேளை முடியும்வரை ஆறு கணினிகளையும் விட்டுவிட்டு முப்பத்திரண்டு பேரும் வாதாடினார்கள்.