“சந்தேகம் வந்தா கூப்பிடுங்க” என்றால் மட்டும் போதாது

இந்தியாவில் கால்நடை மருத்துவப் பட்டப்படிப்பு ஐந்தரை ஆண்டு. அதில் கடைசி ஓராண்டு உள்ளுறைப் பயிற்சி. பயிற்சியின்போது பக்கத்தில் பேராசிரியர் இருப்பார். கிராமத்து மருந்தகத்தில் சேர்ந்த முதல் வாரமே, நடுராத்திரியில் டார்ச் வெளிச்சத்தில் தனியாக முடிவெடுக்க வேண்டிவரும். “சந்தேகம் வந்தா கூப்பிடுங்க” என்று மூத்தவர்கள் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் மாட்டுக்காரர் எதிரில் போனை எடுக்கப் புதியவருக்குக் கூச்சமாக இருக்கும். அதனால் எந்தக் கட்டத்தில் கூப்பிட வேண்டும் என்பதை நோய்வாரியாக முன்கூட்டியே பேசி வைத்துவிட வேண்டும்.

ரத்தத்தில் கால்சியம் குறைவதால் வரும் பால் சுரத்தையே எடுத்துக்கொள்வோம். கன்று ஈன்ற ஓரிரு நாளில் மாடு படுத்துவிடும், கழுத்தை விலாப்பக்கம் மடக்கி வைத்திருக்கும், காது சில்லிட்டிருக்கும். உடனே கால்சியம் பாட்டிலைத் திறக்கத் தோன்றும். அதற்கு முன் நான்கு காம்பிலும் பீய்ச்சிப் பார்க்க வேண்டும். பால் தண்ணீராகவோ ரத்தம் கலந்தோ வந்தால், மடிநோயின் நச்சு உடம்பில் ஏறியிருக்கலாம். அப்படிப்பட்ட மாட்டுக்குச் சிரைவழியே கால்சியம் ஏற்றினால் இதயம் நின்றுவிடக்கூடும். இது முதல் போன் செய்ய வேண்டிய இடம்.

மடி நன்றாக இருந்தால், மாட்டை நெஞ்சு தரையில் பதிய நிமிர்த்தி உட்காரவைத்து, பக்கவாட்டில் வைக்கோல் கட்டால் முட்டுக்கொடுங்கள். 450 மி.லி. கால்சியம் போரோகுளுக்கோனேட் பாட்டிலை வெதுவெதுப்பான நீரில் வைத்து எடுத்து, கழுத்துச் சிரையில் 15 முதல் 20 நிமிடம் வரை மெதுவாக ஏற்ற வேண்டும். பாட்டிலை உயர்த்தினால் வேகம் கூடும், தாழ்த்தினால் குறையும். ஸ்டெதஸ்கோப் இதயத்தை விட்டு அகலவே கூடாது. துடிப்பு தாளம் தப்பிய கணமே நிறுத்திவிட வேண்டும். தசை நடுங்கும், ஏப்பம் வரும், மூக்கில் ஈரம் கட்டும், சாணி போடும். இவையெல்லாம் நல்ல அறிகுறிகள். மாடு எழுந்த பிறகும் முதல் ஒரு நாள் மடியை முழுக்கக் கறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டே கிளம்ப வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி படுத்துவிடும். ஆறு மணி நேரத்தில் எழவில்லையா? அடுத்த பாட்டிலுக்கு முன் இரண்டாவது போன்.

கன்று மாட்டிக்கொண்ட பிரசவத்தில் கடிகாரம்தான் விதி. கையை உள்ளே விடும்போதே நேரத்தை உதவியாளரிடம் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். குளம்பிலிருந்து மேலே முதல் இரண்டு மூட்டும் ஒரே பக்கம் மடங்கினால் முன்னங்கால், எதிரெதிராக மடங்கினால் பின்னங்கால். தலை எங்கே என்று தெரியாமல் கயிறு போடக் கூடாது. இருபது நிமிடத்தில் முன்னேற்றம் இல்லையென்றால் அழைக்க வேண்டும். சுற்றி நிற்பவர்கள் நான்கைந்து பேராகச் சேர்ந்து இழுக்கத் துடிப்பார்கள். கருப்பை கிழிவதும், இடுப்பு நரம்பு நசுங்கி மாடு எழாமலே போவதும் பெரும்பாலும் அப்படி இழுப்பதால்தான்.

ஒன்றில் மட்டும் போனுக்கே வேலையில்லை. திடீரென இறந்து, மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத ரத்தம் வடியும் மாட்டை, காப்பீட்டுக்காரர் கேட்டாலும் அறுக்கக் கூடாது. அது அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயாக இருக்கலாம்; அந்தக் கிருமி காற்றுப் பட்டதும் வித்தாக மாறி மண்ணில் பல்லாண்டு கிடக்கும். பரிசோதனைக்குக் காது நுனியிலிருந்து ரத்தப் பூச்சு எடுத்தால் போதும்.

புதியவரின் உடம்பைக் காப்பதும் மூத்தவரின் பொறுப்பே. வெறிநாய்க்கடி முன்தடுப்பூசி போட்டாயிற்றா என்று சேரும் நாளிலேயே கேளுங்கள். நஞ்சுக்கொடி எடுக்கும்போது தோள்வரை நீளும் கையுறை கட்டாயம். கன்று வீசிய (கருச்சிதைவான) மாட்டிலிருந்து புரூசெல்லா கிருமி கைவழியே ஏறிவிடும்.

பிரிட்டனில் 2021 முதல் புதிய பட்டதாரி ஒவ்வொருவருக்கும், வேலை செய்யும் இடத்திலேயே பயிற்சி பெற்ற ஓர் ஆலோசகர் இருக்கிறார். வாரம் ஒரு மணி நேர அளவுக்காவது அவர் நேரம் ஒதுக்க வேண்டும். நம் ஊரில் அதற்காக அரசாணை வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. வாரம் ஒருநாள் மாலை, நோயேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு இருவரும் உட்காரலாம். பிழைக்காத மாடுகளை முதலில் பேசுங்கள், குற்றம் சாட்டாமல்.

போனில் சொல்ல வேண்டியவற்றை ஓர் அட்டையில் எழுதி மருந்துப் பைக்குள் ஒட்டிக்கொள்வது நல்லது: எத்தனாவது ஈத்து, ஈன்று எத்தனை நாள், வெப்பநிலை, இதயத் துடிப்பு, அசை, சாணி, மடி, இதுவரை போட்ட மருந்தும் அளவும். முந்தைய நாள் வேறு யாராவது ஊசி போட்டார்களா என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மாட்டுக்காரர்கள் அதைக் கேட்டால்தான் சொல்வார்கள்.