ஆணி பிடுங்க எந்த இரும்பு?

பழைய மரத்தைப் பிரித்து, இழைத்து, வேறு ஏதாவது செய்வதுதான் என் வேலை. அதனால் ஆணி அடிப்பதைவிட ஆணி பிடுங்குவதில்தான் என் பொழுது அதிகம் போகிறது. "ப்ரை பார் வாங்கலாமா, ஆணி பிடுங்கி வாங்கலாமா?" என்று யாராவது கேட்டால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எந்தப் பலகையைக் காப்பாற்ற வேண்டும்? அதிலும் எந்தப் பக்கத்தை? வடு விடாமல் ஆணியை எடுக்கும் இரும்பு இதுவரை என் கையில் சிக்கவில்லை. ஒவ்வொன்றும் மரத்தை ஓரிடத்தில் கடிக்கத்தான் செய்யும். அந்தக் கடி எங்கே விழுந்தால் பரவாயில்லை என்று முடிவு செய்துவிட்டால், எதை எடுப்பது என்பதில் குழப்பமே இருக்காது.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்த்துவிடலாம். ப்ரை பாரின் வேலை இரண்டு மரங்களுக்கு நடுவே புகுந்து நெம்பிப் பிரிப்பது. ஆணி பிடுங்கியின் வேலை ஆணியைப் பிடித்து வெளியே இழுப்பது. ப்ரை பாரின் நுனியிலும் ஆணிக்கென்று ஒரு வெட்டு இருக்கிறது, அதனால் இரண்டையும் ஒன்றாக நினைத்துவிடுகிறோம். அந்த வெட்டுக்குள் தலை சிக்க வேண்டுமென்றால் ஆணி ஏற்கெனவே கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். மரத்தோடு மட்டமாகப் புதைந்த தலையிடம் அது பலிக்காது.

என் கையில் அதிகம் இருப்பது ஃப்ளாட் பார். 12 முதல் 15 அங்குல நீளம், இரண்டு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவான அகலம், ஸ்பிரிங் ஸ்டீல் தகடு. ஒரு முனை செங்கோணமாக மடங்கியிருக்கும், மறுமுனை லேசாக வளைந்திருக்கும். கடையிலிருந்து வரும்போது இதன் விளிம்பு பெரும்பாலும் தடிமனாகத்தான் இருக்கிறது. அப்படியே பலகை இடுக்கில் வைத்துத் தட்டினால், உள்ளே புகுவதற்கு முன்பே இரண்டு விளிம்புகளையும் நசுக்கிவிடும். நான் புது பாரை வாங்கியதும் அரத்தால் அந்தச் சரிவை நீட்டி மெல்லிசாக்கிவிடுவேன். அப்புறம் இரண்டு ஓரக் கூர்களையும் உருட்டிவிடுவேன். பலகையில் பிறைநிலா வடிவில் வடு விழுவது அந்தக் கூர்களால்தான். கிரைண்டரில் செய்வதாக இருந்தால் இரும்பு நீலம் பாயாமல் அடிக்கடி தண்ணீரில் நனைக்க வேண்டும், இல்லாவிட்டால் நுனி இளகிவிடும். அவசரம் இல்லையென்றால் அரமே நல்லது.

இதைப் பயன்படுத்தும் முறையும் ஒன்று உண்டு. பட்டி வைக்கும் தகட்டை முதலில் இடுக்கில் செருகி, பெயின்ட் ஒட்டுதலை அறுத்துவிட வேண்டும். பிறகு ஃப்ளாட் பாரை உள்ளே தட்டி, பாரின் வளைவு ஊன்றும் இடத்தில் ஒரு பிளைவுட் துண்டை வைத்து, ஆணி இருக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே நெம்ப வேண்டும். இரண்டு ஆணிகளுக்கு நடுவில் நெம்பினால் பலகை வில்லாக வளையும், காய்ந்த மரமானால் வெடிக்கும். ஓர் ஆணியில் கொஞ்சம், அடுத்ததில் கொஞ்சம் என்று வரிசையாகப் போய், திரும்பவும் முதலிலிருந்து வர வேண்டும். பலகை சற்று எழுந்ததும் அதைத் திரும்பக் கீழே தட்டினால் பல சமயம் ஆணித் தலைகள் மட்டும் மேலே நின்றுவிடும். ஃப்ளாட் பாரின் நடுவில் கண்ணீர்த்துளி வடிவில் ஓர் ஓட்டை இருக்கும். நீட்டி நிற்கும் தலையை அதில் மாட்டியும் இழுக்கலாம்.

கொக்கி போல வளைந்த கனமான ரெக்கிங் பார் வேறு ரகம். 24, 30, 36 அங்குலங்களில் வரும் அறுகோணக் கம்பி. இதன் பலம் கணக்கிலேயே தெரியும். 30 அங்குலக் கம்பியில் வளைவிலிருந்து நகம் வரை 2 அங்குலம், பிடிக்கும் பக்கம் 28 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். நாம் கொடுப்பது 14 மடங்காகும். 10 கிலோ அழுத்தினால் ஆணியில் 140 கிலோ. சரி, அந்த 140 கிலோ ஆணியை மேலே இழுக்கும்போது, ஏறக்குறைய அதே சுமை வளைவுக்கு அடியில் இருக்கும் மரத்தைக் கீழே நசுக்குகிறது என்பதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். அதுவும் விரல் அகலமுள்ள இடத்தில். அடியில் கட்டை வைக்கச் சொல்வது இதற்காகத்தான். கட்டை வைப்பதால் இன்னொரு லாபமும் உண்டு: ஆணி மேலே எழ எழ வளைவு உருண்டு, ஊன்றும் இடம் ஆணியைவிட்டு விலகிப் போகும், பலமும் குறைந்துகொண்டே வரும். பாதியில் நிறுத்தி, இன்னும் உயரமான கட்டையை வைத்தால் பலமும் திரும்பும், ஆணியும் வளையாமல் நேராக எழும். தடித்த சட்டங்களைக் கழற்றவும், எரிக்கப் போகிற மரத்தை உடைக்கவும் ரெக்கிங் பார் போதும். நல்ல பலகைக்குப் பக்கத்தில் நான் அதைக் கொண்டுபோவதே இல்லை.

மட்டமாகப் புதைந்த தலைக்கு வருவோம். இதற்கு ஆங்கிலத்தில் பூனையின் பெயரைச் சூட்டிய ஒரு கருவி உண்டு, கேட்ஸ் பா, அதாவது பூனைப் பாதம். ஒரு குட்டைக் கம்பி, நுனியில் கரண்டி மாதிரி குழிந்த ஒரு சின்ன நகம், அதில் ஒரு வெட்டு. ஆணித் தலைக்கு ஒட்டிப் பின்னால் சாய்வாக வைத்து, சுத்தியலால் ஓங்கித் தட்டினால், நகம் மரத்தைத் தோண்டிக்கொண்டு தலைக்கு அடியில் போய் நிற்கும். இப்போது கம்பியைச் சாய்த்தால் தலை வெளியே வரும். முழு ஆணியையும் இதாலேயே எடுக்கப் பார்க்கக் கூடாது. தலை அரை அங்குலம் எழுந்ததும் சுத்தியல் நகத்துக்கோ பாருக்கோ மாறிவிட வேண்டும். வேகத்தில் இதை அடிக்க ஆளில்லை. விலையாக மரத்தில் ஒரு பள்ளம் விழும், கட்டைவிரல் நுனி உட்காரும் அளவுக்கு. மறையப் போகிற சட்டத்தில் அது ஒரு பொருட்டே இல்லை. மேசைப் பலகையில் விழுந்தால் அதை அடைப்பதே தனி வேலை. ஜப்பானிய வகை ஒன்று இருக்கிறது, நகம் மெலிந்து கூராகவும், தலையின் முதுகு சுத்தியல் அடிக்கத் தோதாகத் தட்டையாகவும் இருக்கும். வடு பாதிதான் விழுகிறது. என் பெட்டியில் தடித்த கேட்ஸ் பா இன்னும் கிடக்கிறது, கை போவது என்னவோ ஜப்பானியதற்குத்தான்.

பிடியையே சுத்தியலாக்கிய பழைய ஆணி பிடுங்கியும் உண்டு. பெட்டிகளை உடைக்காமல் திறக்க 19ஆம் நூற்றாண்டில் புழக்கத்துக்கு வந்த கருவி. கீழே இரண்டு தாடைகள், மேலே வழுக்கி ஏறி இறங்கும் கனமான பிடி. பிடியைத் தூக்கிக் குத்தினால் தாடைகள் தலைக்கு இருபுறமும் மரத்துக்குள் இறங்கும். பிறகு பக்கவாட்டில் சாய்த்தால், கருவியின் அடியில் கால் போல நீட்டியிருக்கும் பகுதி மரத்தில் ஊன்றிக்கொள்ள, தாடைகள் தாமாகவே இறுகும். எவ்வளவு சாய்க்கிறோமோ அவ்வளவு பிடி. தலை போன ஆணியைக்கூட இது கவ்விக்கொண்டு வரும், அதுவும் கிட்டத்தட்ட நேராக. வடு, ஆணிக்கு இருபுறமும் இரண்டு கீறல் குழிகள். தடித்த கையுறை இல்லாமல் மட்டும் தொடக் கூடாது. குத்தும்போது உள்ளங்கைச் சதை, வழுக்கும் பிடிக்கும் அதன் தண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டால் அன்றைய வேலை அதோடு சரி.

இத்தனை சொல்லிவிட்டு, எனக்குப் பிடித்தது எது என்றால் வட்டத் தாடையுள்ள சாதாரணக் குறடு (பின்சர்). பீடிங், சட்டப் பட்டை மாதிரி முகம் முக்கியமான துண்டுகளைச் சுவரிலிருந்தோ நிலையிலிருந்தோ ஃப்ளாட் பாரால் கழற்றியதும், பலரும் ஆணியின் முனையைத் தட்டித் தலையை முன்பக்கமாகத் தள்ளுவார்கள். தலை வெளியேறும்போது பெயின்டையும் மரச் சில்லையும் கூட்டிக்கொண்டு போகும். அதற்குப் பதிலாக, துண்டைக் குப்புறப் போட்டு, பின்பக்கம் நீட்டும் முனையைக் குறட்டால் கவ்வி, குறட்டின் வட்டத் தாடையை மரத்தின்மேல் உருட்ட வேண்டும். இழுக்கக் கூடாது, உருட்ட வேண்டும். சின்னத் தலைகொண்ட ஆணியானால் மரத்தின் ஊடாகவே பின்னால் வந்துவிடும். முகத்தில் முன்பிருந்த அதே புள்ளி, அதிலிருந்த பட்டிகூட அப்படியே இருக்கும். வடு முழுக்க யாரும் பார்க்காத பக்கத்துக்குப் போய்விடும். ஒன்றே ஒன்று, ரொம்ப அழுத்திப் பிடித்தால் குறடு ஆணியை வெட்டிவிடும்.

துருப்பிடித்த ஆணிக்கு எந்தக் கருவியாக இருந்தாலும் ஒரே முன்வேலை. பிடுங்குவதற்கு முன் தலையில் ஓர் அடி போட்டு, ஆணியை ஒரு இழை உள்ளே தள்ளுங்கள். துரு மரநாரோடு கட்டியிருக்கும் பிடி 'கிரீச்' என்ற சத்தத்தோடு விடுபடும். பிறகு இழுத்தால் தலை அறுந்து வரும் வாய்ப்பு குறைவு. ஓக் மாதிரி டானின் என்ற துவர்ப்புப் பொருள் அதிகமுள்ள மரமானால் ஆணியைச் சுற்றிக் கறுத்திருக்கும். அந்தக் கறுப்பு வளையத்தைப் பார்த்தாலே உள்ளே தண்டு இளைத்திருக்கலாம் என்று நினைத்துக்கொண்டு மெதுவாக நெம்புவேன். தலை அறுந்தேவிட்டால், மிச்சத்தை லாக்கிங் பிளையரால் (கவ்வியபடியே பூட்டிக்கொள்ளும் பிளையர்) இறுக்கிப் பிடித்து, பிளையரையே உருட்டி எடுக்கலாம்.

சுத்தியல் நகத்தை நான் சின்ன ஆணிகளோடு நிறுத்திக்கொள்வேன். பெரிய ஆணிக்கு மரப்பிடி தாங்காது. ஒரு சுத்தியலின் நகத்தை ஆணிக்கடியில் வைத்து, இன்னொரு சுத்தியலால் அதன் முகத்தில் அடிப்பதை அங்கங்கே பார்க்கிறேன். இரண்டும் கடினப்படுத்திய முகங்கள், சில்லு தெறித்தால் போவது கண்ணுக்குத்தான். ஆணி வேலையில் கண்ணாடி போடாமல் நான் குனிவதில்லை. எடுத்து முடித்ததும் பலகைமேல் ஒரு காந்தத்தை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் பிளேனருக்கு (இழைக்கும் இயந்திரத்துக்கு) அனுப்புவேன். புதைந்த துண்டு ஒன்று போதும், பிளேனர் கத்தியில் விழும் சொட்டை அதற்குப் பிறகு இழைக்கும் ஒவ்வொரு பலகையிலும் கோடாக ஓடும்.

இரண்டே இரண்டு வாங்க வேண்டுமானால், விளிம்பை மெலித்த ஃப்ளாட் பாரும் நல்ல குறடும். மூன்றாவதாக ஜப்பானிய நகம். மற்றவை வேலை கேட்கும்போது வாங்கிக்கொள்ளலாம்.

சரக்கு அடுக்கும் மரத்தட்டான பேலட்டின் பலகைக்கு மட்டும் இவை எதையும் நான் எடுப்பதில்லை. அதில் பெரும்பாலும் தண்டில் வளையமோ திருகோ உள்ள ஆணிகள்தான். நாரைக் கவ்விக்கொண்டு நிற்கும், நெம்பினால் ஆணிக்கு முன்னால் பலகை பிளந்துவிடும். இரும்பு அறுக்கும் பிளேடு மாட்டிய ரெசிப்ரோகேட்டிங் ரம்பத்தை (பிளேடு முன்னும் பின்னும் ஓடும் மின் ரம்பம்) பலகைக்கும் கட்டைக்கும் நடுவே விட்டு அறுத்துவிடுவேன். பலகையில் தங்கிய தலைப் பகுதியைப் பின்னாலிருந்து பஞ்ச் எனும் மழுங்கிய நுனி இரும்புக் குச்சியை வைத்துத் தட்டினால் பெரும்பாலும் விழுந்துவிடும். தண்டு கட்டையிலேயே கிடக்கட்டும், அந்தக் கட்டையை நான் இழைப்பதில்லை.